முதல் குவில்ட்: 48 சதுரத் துண்டுகளில் ஒரு சின்னப் போர்வை

குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுத்துணிகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்குகிறோம். நேர்கோட்டில் தைக்க வந்தால் போதும், தைரியமாக இறங்கலாம். நட்சத்திரம், முக்கோணம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டில் அளவுக்கு ஆசைப்படவும் வேண்டாம். அவ்வளவு கனத்தைச் சுருட்டித் தையல் மெஷினுக்குள் நுழைப்பதிலேயே சோர்ந்து, பாதியில் மூட்டை கட்டி வைத்துவிட வாய்ப்பு அதிகம். குழந்தைப் போர்வை அளவில் ஒன்றைக் கடைசி வரை முடித்துவிட்டால் எல்லாப் படிகளும் கைவந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

இங்கே செய்யப்போவது 27 × 36 அங்குலப் போர்வை. 42 முதல் 44 அங்குல அகலமுள்ள சுத்தமான பருத்தித் துணியில் வெளிர் நிறம் அரை மீட்டர், அடர் நிறம் அரை மீட்டர், அடித்துணி ஒன்றேகால் மீட்டர், ஓரப்பட்டிக்கு 30 செ.மீ. பஞ்சு விரிப்பு 36 × 45 அங்குலம், மெல்லியதாக. தடித்த பஞ்சு பார்க்க அழகாக இருந்தாலும் முதல் முறைக்கு அடங்காது. நழுவுகிற, இழுபடுகிற துணிகளையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அடர் சிவப்பு, கருநீலம் போன்றவை சாயம் விடக்கூடும். வெட்டும் முன்பே எல்லாத் துணிகளையும் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

வெட்டுதல்

துணியின் கரையை ஒதுக்கிவிட்டு 5 அங்குலப் பட்டைகளாக வெட்டுங்கள். ஒரு பட்டையில் 8 சதுரம். நிறத்துக்கு 3 பட்டை, ஆக 24 வெளிர், 24 அடர். ரோட்டரி கட்டரும் (உருளும் வட்டக் கத்தி) அளவுப்பலகையும் இருந்தால் வேலை சுளுவாகும். இல்லாவிட்டால் 5 அங்குல அட்டை ஒன்றைத் திருத்தமாக வெட்டி, அதை வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கலாம். துணியின் இழைக்கு நேராக வெட்டுவது முக்கியம். கிராஸாக வெட்டிய ஓரம் கை பட்டாலே இழுபட்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

கால் அங்குலத் தையல்

குவில்ட்டில் ஆரம்பநிலையில் வரும் கோணலில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் உள்ளே தையல் ஓட வேண்டும். அதில் 1/16 அங்குலம் கூடினால், இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு இணைப்புக்கு 1/8 அங்குலம் குறையும். ஒரு வரிசையில் 6 சதுரம், 5 இணைப்பு. ஆக அந்த வரிசை மட்டும் 5/8 அங்குலம் சிறுத்துவிடும். அடுத்த வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஆகவே முதலில் ஒரு சோதனை. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை அடுத்தடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். மிகச்சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரத்துக்குச் சற்று நெருக்கமாகத் தையுங்கள். கூடினால் சற்று உள்ளே தள்ளுங்கள். இணைப்பு மடியும் இடத்திலேயே ஒரு நூல் அளவு துணி போய்விடும். அதனால் தையல் கால் அங்குலத்துக்கு ஒரு இழை குறைவாக இருப்பதுதான் சரியாக வரும். அந்த இடம் பிடிபட்டதும் மெஷின் தட்டில் காகித டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ.

இணைப்பதும் இஸ்திரியும்

சதுரங்களைத் தரையில் சதுரங்கப் பலகைபோல் வெளிர், அடர் என மாற்றி மாற்றிப் பரப்பி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், குழம்பினால் கைகொடுக்கும். ஒரு வரிசைக்கு 6, மொத்தம் 8 வரிசை. ஒவ்வொரு இணைப்பின் மடிப்பையும் அடர் நிறத் துணியின் பக்கமே சாய்த்து இஸ்திரி போடுங்கள். இப்படிச் செய்தால் வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மேல் மடிப்பு ஒரு பக்கமும் கீழ் மடிப்பு எதிர்ப்பக்கமும் சாய்ந்து, முட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலைகள் தானாகச் சேரும். இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்; இழுத்தால் துணி வளைந்துவிடும்.

ஓரிரு மூலைகள் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விலகினால் பிரிக்காதீர்கள். மேலே தையல் ஓடி, ஒருமுறை துவைத்ததும் கண்ணுக்கே தெரியாது. கால் அங்குலம் விலகினால் மட்டும் பிரித்துத் தையுங்கள்.

மூன்று அடுக்கும் ஒன்றாக

அடித்துணியும் பஞ்சும் முகத்துணியைவிட நாற்புறமும் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, சுருக்கமில்லாமல் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் முகத்துணி. நடுவிலிருந்து தொடங்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். இங்கே சோம்பல்பட்டால் பின்பக்கத்தில் கொசுவம் விழும்.

தையல் நீளத்தை 3 மி.மீ. ஆக்கி, ஒவ்வொரு இணைப்புக்கும் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி நேர்கோடு ஓட்டுங்கள். அப்போதும் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். சாதாரண மெஷினில் அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் நகர்த்தும். மேல்துணி பின்தங்கித் திரளும். ஊசிக்கருகே துணியை அழுத்தும் பாதத்துக்குப் பதிலாக ‘வாக்கிங் ஃபுட்’ என்ற தனிப் பாதத்தை மாட்டினால் மேலும் கீழும் ஒரே வேகத்தில் நகரும். மெஷின் இல்லாதவர்கள் கையால் நூலோட்டம் போடலாம். முடிச்சைச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் மறைத்துவிடுங்கள். கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சின் உறையிலேயே இருக்கும். அதைத் தாண்டினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டியாகிவிடும்.

ஓரப்பட்டி

மிஞ்சிய பஞ்சையும் அடித்துணியையும் முகத்துணி அளவுக்கு வெட்டிவிடுங்கள். இரண்டரை அங்குலப் பட்டைகள் நான்கைச் சாய்வாக இணைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். பட்டையின் திறந்த ஓரத்தை முகத்துணியின் ஓரத்தோடு சேர்த்து வைத்து, ஒரு பக்கத்தின் நடுவில், பட்டையின் நுனியில் 8 அங்குலம் தைக்காமல் விட்டுத் தொடங்குங்கள். கடைசியில் இரு நுனிகளையும் இணைக்க அது தேவைப்படும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி நூலை அறுத்துவிடுங்கள். பட்டையை மேல்நோக்கி மடித்தால் ஒரு சாய்வு மடிப்பு விழும். அதை விரலால் பிடித்தபடி பட்டையைக் கீழ்நோக்கி இறக்கி, அடுத்த பக்கத்தை ஓரத்திலிருந்தே தையுங்கள். பின்பக்கம் திருப்பி, கையால் ஹெம்மிங் செய்தால் மூலை கூராக நிற்கும்.

முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக. முறுக்கிப் பிழியாமல் தண்ணீரை அழுத்தி எடுத்துவிட்டு, கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயவையுங்கள். ஈரக் கனம் தையலை இழுத்துவிடும்.