ரிகர்வா, காம்பவுண்டா? தோட்டப்பட்டணத்தில் முதல் வில் வாங்குகிறவர்களுக்கு

மலேசியாவில் குறி பார்த்துச் சுடும் ஆசை இருக்கிறவர் துப்பாக்கிப் பக்கம் போனால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முன்னால் வந்து நிற்கும். காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அதனால்தான் சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் போன்ற பேராக் மாநிலத் தோட்டப்புற ஊர்களில் இந்த ஆசை உள்ளவர்களுக்கு வில் நல்ல வழி. வில் வாங்கலாம் என்று முடிவான மறுநாளே அடுத்த கேள்வி வரும்: ரிகர்வ் வாங்குவதா, காம்பவுண்ட் வாங்குவதா?

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வில் பிரஸ் (காம்பவுண்ட் வில்லை அழுத்திப் பிடித்து நாணைக் கழற்ற உதவும் கருவி) வைத்திருக்கும் கடையோ பயிற்சியாளரோ இல்லை என்றால் முதல் வில் ரிகர்வாகவே இருக்கட்டும். காம்பவுண்ட் மட்டமான வில் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது கெட்டால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது என்பதுதான் காரணம்.

ரிகர்வ் வில்லில் நடுவில் ஒரு கைப்பிடி, அதாவது ரைசர். அதற்கு மேலும் கீழும் வளைந்துகொடுக்கும் இரண்டு கைகள், அதாவது லிம்ப். பிறகு ஒரு நாண். அவ்வளவுதான். 24 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தால் அந்த 24 பவுண்டையும் விரல் தாங்க வேண்டும். காம்பவுண்டில் லிம்ப் நுனிகளில் கேம் என்ற உருளைகள் சுழல்கின்றன. பாதி இழுப்பில் பளு உச்சத்துக்குப் போய், கடைசியில் சடாரென்று இறங்கிவிடும். 40 பவுண்டு வில்லில் 75 விழுக்காடு இறக்கம் என்றால் கடைசியில் கையில் நிற்பது 10 பவுண்டுதான். அதனால் நிதானமாகக் குறி பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், 18 மீட்டரில் அம்புகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு காம்பவுண்டில் சில வாரம் போதும், ரிகர்வில் பல மாதம் ஆகும். வெளித்திடல் போட்டியில் ரிகர்வ் 70 மீட்டர், காம்பவுண்ட் 50 மீட்டர். ஒலிம்பிக்கில் இதுவரை ரிகர்வுக்கு மட்டுமே இடம். 2028 லாஸ் ஏஞ்சலஸில்தான் காம்பவுண்ட் கலப்புக் குழுப் போட்டி முதன்முறையாக நுழைகிறது.

எந்த வில்லானாலும், பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இழுப்பு நீளம். சுவரில் முதுகு ஒட்ட நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இன்னொருவர் அளக்கட்டும். அதை 2.5ஆல் வகுங்கள். 165 செ.மீ. என்றால் 66 செ.மீ., அதாவது 26 அங்குலம். 26 அங்குலம்வரை இழுப்பவருக்கு 66 அங்குல ரிகர்வ், 27, 28க்கு 68 அங்குலம், அதற்கு மேல் 70. வில் குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடங்கி விரல்களை நெரிக்கும், அம்பின் வால் நாணிலிருந்து நழுவும்.

இரண்டாவது, எந்தக் கண் முந்துகிறது என்பது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சின்ன முக்கோண ஓட்டை வையுங்கள். அதன் வழியே தூரத்து விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். வலக்கண் என்றால் வலக்கை வில். வலக்கை வில்லை இடக்கையில்தான் பிடிக்க வேண்டும். இணையத்தில் வாங்குகிறவர்களில் சிலர் இங்கேதான் மாற்றிப் போடுகிறார்கள்.

இழுப்புப் பளுவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கு உரியது. அதற்குக் குறைவாக இழுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். வயது வந்த ஆணுக்கு 20 முதல் 24, பெண்ணுக்கு 16 முதல் 20, 12 வயதுப் பிள்ளைக்கு 12 முதல் 16 என்று தொடங்கினால் போதும். தினமும் செம்பனைக் குலை வெட்டுகிற கை 35 பவுண்டு வில்லையும் அலட்சியமாக இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குலை வெட்டும்போது வேலை செய்வது ஒரு தசை, வில்லைப் பிடித்து நிறுத்துவது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கும் வேறொரு தசை. அது பழகாதபோது தோள் காதை நோக்கி ஏறும், நாண் முன்கையில் அடிக்கும், ஒரு மாதத்தில் தோள்மூட்டு வலிக்கும். முழுதாக இழுத்து, நிதானமாகப் பத்து எண்ணும்வரை நடுங்காமல் நிறுத்திப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வில் உங்களுக்கு இப்போது கனம்.

ரிகர்வ் என்று முடிவெடுத்தால், கழற்றிப் பூட்டும் மர ரைசர் வில்லே முதல் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். பழகப் பழகப் பளுவைக் கூட்டுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஐஎல்எஃப் என்ற பொதுவான லிம்ப் பொருத்தும் முறை உள்ள ரைசர் வாங்குங்கள். அதில் வேறு நிறுவனத்தின் லிம்பையும் மாட்டலாம். மர ரைசரில் பெரும்பாலும் அந்த மாடலுக்கு ஒத்த லிம்ப்தான் பொருந்தும். மலிவான மர வில்லுக்குச் சற்று நீண்டுகொடுக்கும் டேக்ரான் நாண்தான் போட வேண்டும். நீளாத வேக நாண் போட்டால் அதற்கென்று வலுப்படுத்தாத லிம்ப் நுனி பிளந்துவிடும்.

நாண் ஏற்றுவதற்கு என்றே ஒரு கயிறு விற்கிறார்கள், ஸ்டிரிங்கர். விலை அற்பம், கட்டாயம் வாங்குங்கள். வில்லைக் காலுக்கிடையில் விட்டு வளைத்து நாண் ஏற்றுகிறவர்களின் லிம்ப் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். நாண் ஏறிய பிறகு கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை அளங்கள். 68 அங்குல வில்லுக்கு 21 முதல் 23 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் நாணைக் கழற்றி முறுக்குகளைக் கூட்டுங்கள், அதிகமானால் முறுக்கைப் பிரியுங்கள். தொடக்கத்தில் சத்தமும் அதிர்வும் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் இந்த அளவு சரியில்லை என்று அர்த்தம். நாணில் அம்பு மாட்டும் புள்ளி, அம்பு தாங்கிக்கு நேர்மட்டத்திலிருந்து 6 மி.மீ. மேலே இருக்கட்டும்.

காம்பவுண்டுக்கு இழுப்பு நீளம் கேமுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். ஒரு அங்குலம் நீளமாகிவிட்டால் முழங்கை பின்னால் ஓடும், தலை சாயும், குறி ஒருநாளும் நிற்காது. அதனால் பக்கத்து வீட்டு அண்ணனின் வில்லை அப்படியே வாங்கிக்கொள்வது ரிகர்வில் சில நேரம் ஒத்துவரும், காம்பவுண்டில் ஒத்துவராது. 15 அங்குலத்திலிருந்து 30 அங்குலம்வரை அறுகோணச் சாவியாலேயே மாற்றக்கூடிய வில்களும் இருக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கு அவை நல்லவை, எங்கள் பதிலுக்கு அவை ஒரு நியாயமான விதிவிலக்கு. ஆனாலும் கேமோடு இணைந்த கேபிள் தேய்ந்தாலோ, நாண் கேமை விட்டு இறங்கிவிட்டாலோ பிரஸ் இல்லாமல் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் லிம்ப் எகிறினால் கையை முறிக்கும். இரும்புக் கொக்கியும் பட்டறைக் கிடுக்கியும் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் வில்லை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

காம்பவுண்டை விரலால் இழுக்காதீர்கள். நாணில் சின்ன வளையம் கட்டி, கையில் ரிலீஸ் கருவி மாட்டித்தான் விட வேண்டும். வாங்கும்போது வில்லோடு ரிலீஸ், அம்பு தாங்கி, குறிக்கருவி, பீப் (நாணில் பொருத்தி அதன் துளை வழியே குறி பார்க்கும் சின்ன வளையம்) என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வில் மலிவாகத் தெரிந்து, மற்ற சாமான்களில் கை கடிக்கும்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்துவிடுவது இரண்டு வில்லுக்கும் விஷம். அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டிய சக்தி முழுவதும் லிம்புக்கே திரும்பும். ரிகர்வ் சில நேரம் தப்பும், பிறகு லிம்பில் விரிசல் தெரியும். காம்பவுண்டில் கேபிள் கழன்று கேம் வளைந்துபோகும். வீட்டுக்கு வருகிற விருந்தாளி வில்லைப் பார்த்ததும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். ஆணியில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள்.

பழைய வில்லை முகநூலிலோ முடா தளத்திலோ பார்க்கிறீர்களா? நேரில் போய்ப் பாருங்கள், கையில் ஒரு பஞ்சு உருண்டை கொண்டுபோங்கள். லிம்பின் இரண்டு விளிம்புகளிலும் பஞ்சை மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அங்கே பஞ்சு நூல் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் வேண்டாம். ரிகர்வை நாண் ஏற்றி, நுனியிலிருந்து நாண் வழியாக ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்புகளின் நடுவிலும் ஓட வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. காம்பவுண்டில் கேம் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அது நாணை அறுக்கும். கேபிள் மேல் சுற்றியிருக்கும் நூல் பிரிந்திருந்தால் புது நாண், கேபிள் செலவையும் விலையிலிருந்து கழியுங்கள்.

அம்பில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கார்பன் அம்பில் அச்சிட்டிருக்கும் எண், அது எவ்வளவு வளையும் என்பது. 28 அங்குல இடைவெளியில் தாங்கவைத்து 1.94 பவுண்டு எடையை நடுவில் தொங்கவிட்டால் 500 எண் அம்பு அரை அங்குலம் வளையும், 1000 ஒரு அங்குலம் வளையும். அதாவது எண் கூடக் கூட அம்பு அதிகமாக வளையும். 20 முதல் 24 பவுண்டு ரிகர்வுக்கு 900 அல்லது 1000, 40 பவுண்டு காம்பவுண்டுக்கு 500 அல்லது 600 என்று தொடங்குங்கள். வலக்கைக்காரருக்கு அம்பு விறைப்பாக இருந்தால் இடப்பக்கம் விலகும், அதிகமாக வளைந்தால் வலப்பக்கம் விலகும். குறிக்கருவியைத் திருகுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். நீளம், முழு இழுப்பில் தாங்கியைத் தாண்டி 3 முதல் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டை அம்பு தாங்கியிலிருந்து உள்ளே விழுந்து, வில் பிடித்த கைக்குள்ளேயே பாயும். காம்பவுண்டுக்கு ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் எடை வேண்டும். 40 பவுண்டுக்கு 200 கிரெய்ன், ஏறத்தாழ 13 கிராம். தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இலக்கைத் தவறி எதிலாவது மோதிய அம்பை மறுபடி நாணில் வைக்கும் முன் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே கேளுங்கள். கிறீச் என்ற சத்தம் வந்தால் தூக்கிப் போடுங்கள். வெடித்த கார்பன் கையில் ஊசி ஊசியாக ஏறும்.

அடுத்து இடம். செம்பனை மரவரிசை அம்பைத் தடுக்கும் என்று நினைப்பது பெரிய தப்பு. மரங்களுக்கிடையே இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில் ஆள் இருக்கிறார். காலையில் குலை வெட்டுகிறவர்கள், உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர்கள், மாலையில் மாடு தேடி வருகிறவர்கள், குறுக்குவழியில் மோட்டாரில் போகும் பிள்ளைகள் என்று தோட்டம் ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. 24 பவுண்டு வில்லே தூக்கி விட்டால் 100 மீட்டருக்கு மேல் போகும். இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு இருக்கிற இடமாகப் பாருங்கள். தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியரிடம். முதல் மாதம் 10 மீட்டரில் நில்லுங்கள், பிறகு 18.

வைக்கோல் கட்டு நம் மழையில் ஒரு பருவம்கூடத் தாங்காது. அடுக்கு ஃபோம் இலக்கு வாங்குங்கள், ரிகர்வுக்கு 15 செ.மீ. தடிமன், காம்பவுண்டுக்கு 20க்குக் குறையாமல். ஒரே இடத்தில் சுட்டால் நடு சல்லடையாகி அம்பு ஊடுருவும், ஆகவே குறித்தாளை இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். அம்பு இறுகிக்கொண்டால் தண்டில் சவர்க்காரக் கட்டியைத் தேயுங்கள். பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, வால் கண்ணில் குத்தும்.

தவறிய அம்பு புல்லுக்கடியில் வழுக்கிப் படுத்துவிடும். கையை விட்டுத் துழாவாதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம், எலி இருக்கிற இடத்தில் நாகம் இருக்கும். பூட்ஸ் போட்டு, பரண்டியால் புல்லை வாருங்கள். ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு வால் உள்ள அம்பு சீக்கிரம் கிடைக்கும்.

வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் வில்லை வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் லிம்ப் அடுக்குகளை ஒட்டிய பசை இளகிப் பிரியும். ரிகர்வைப் பழகி முடித்ததும் நாண் இறக்கி வையுங்கள். காம்பவுண்ட் எப்போதும் இறுக்கத்திலேயே இருப்பதால் அதற்கு வெயில் இன்னும் ஆபத்து. மழையில் நனைந்தால் துடைத்து, திருகாணிகளைத் தளர்த்தி ஈரம் போக உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நாணில் மெழுகு தேய்த்து விரலால் சூடேறும்வரை உருவுங்கள். நாண் வறண்டு நூல் நூலாகச் சிலிர்த்துத் தெரிந்தால் மெழுகு நேரம், ஒரு நூல் அறுந்திருந்தால் மாற்றும் நேரம்.

ஓராண்டு ரிகர்வ் பழகிய பிறகு இழுப்பு நீளத்தை மறுபடி அளங்கள். தோள் சரியாக இறங்கி முதுகு வேலை செய்யத் தொடங்கியதும் பலருக்கு அது அரை அங்குலமோ ஒரு அங்குலமோ கூடியிருக்கும். காம்பவுண்ட் வாங்குவதாக இருந்தால் அந்தப் புதிய அளவைத்தான் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.