லோட் டெஸ்டில் 40 பயனர்களை எப்படிப் பிரிப்பது?

வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு துணிக்கடை. இணையத்தளத்திலும் விற்கிறார்கள். தீபாவளிக் கூட்டத்தைத் தளம் தாங்குமா என்று போலிப் பயனர்களை உருவாக்கித் தளத்துக்குள் அனுப்பும் லோகஸ்ட் கருவியால் சோதிக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் லோட் டெஸ்ட். அந்த 40 போலிப் பயனர்களில் யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

முதலில் சர்வர் லாக்கை, அதாவது தளத்துக்கு வந்தவர்களின் பதிவேட்டைத் திறந்து, கூட்டம் கூடிய ஒரு மணி நேரத்தை எடுங்கள். நம் கடையில் 1200 பேர் சேலைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 360 பேர் தேடிக் கூடையில் போட்டார்கள். 120 பேர் ஓடர் கொடுத்துக் காசு கட்டினார்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மொத்தம் 1680இல் 120 என்றால் 7 சதவீதம், ஆகவே 40 பயனரில் 3 பேரை ஓடருக்கு விட்டால் போதும் என்று தோன்றும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் பிரித்தேன். டெஸ்ட் நன்றாகவே முடிந்தது. ஆனால் பண்டிகை வாரத்தில் காசு கட்டும் பக்கம் திணறி, வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

காரணம், நேரம். சேலை பார்ப்பவர் 60 நொடியில் போய்விடுகிறார். கூடையில் போடுபவருக்கு 120 நொடி. ஓடர் கொடுப்பவரோ முகவரி எழுதி, அட்டை எண் கொடுத்து, வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்காகக் காத்திருந்து முடிக்க 240 நொடி ஆகிறது. அவ்வளவு நேரமும் அவர் தளத்துக்குள்தான் இருக்கிறார். அதனால் எண்ணிக்கையை நேரத்தால் பெருக்கி 3600ஆல் வகுக்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இதுதான்.

பார்ப்பவர்: 1200 × 60 ÷ 3600 = 20
கூடை: 360 × 120 ÷ 3600 = 12
ஓடர்: 120 × 240 ÷ 3600 = 8

3 பேர் அல்ல, 8 பேர். அந்த 3 பேரால் மணிக்கு 45 ஓடர்தான் போட முடியும்.

அடுத்தது லோகஸ்ட். பார்ப்பவர், கூடை, ஓடர் என்று நிரலில் மூன்று பயனர் வகுப்புகள் எழுதி, வெயிட் மதிப்பாக, அதாவது ஒவ்வொன்றின் பங்காக, முறையே 5, 3, 2 கொடுங்கள். மொத்தம் 40 என்றதும் அது 20, 12, 8 என்று தானே பிரித்துக்கொள்ளும். காத்திருப்புக்கு கான்ஸ்டன்ட் பேசிங் வைத்து 60, 120, 240 கொடுத்தால், ஒவ்வொருவரும் அத்தனை நொடிக்கு ஒரு தடவைதான் வேலையைத் தொடங்குவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் சில நொடி இடைவெளியும் விடுங்கள். எந்த மனிதரும் ஓடரை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. காசு கட்டும் பகுதியை வங்கியின் சோதனைச் சூழலுக்கு மட்டும் அனுப்புங்கள், உண்மையான கணக்குக்கு ஒருபோதும் வேண்டாம்.

சரி, ஓடவிடலாம். ஸ்பான் ரேட் 1 போதும், நொடிக்கு ஒருவராக உள்ளே வரட்டும். ஒரு மணி நேரம் கழித்து முடிவுப் பட்டியலில் ஓடர் வரியைப் பாருங்கள். 120ஐ ஒட்டி இருந்தால் பிரித்தது சரி. நன்றாகக் குறைந்திருந்தால் வெயிட்டை மாற்றாமல் முதலில் பதில் நேரத்தைப் பாருங்கள்: தளம் இழுத்து, ஒவ்வொரு ஓடரும் 240 நொடியைத் தாண்டியிருக்கும்.