முந்திக்கொண்ட டைமர்

மண்டபம் படகுத்துறையில் காற்று வேகம் அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறேன். நிரல் சி மொழியில், டைமர் போன்ற நிகழ்வுகளைக் கவனித்து உரிய வேலையை ஓட்டும் லிப்இவி (libev) என்ற நூலகம் கொண்டு எழுதியது. முதல் டைமர் காற்றை அளக்கும். 200 மில்லி விநாடி கழித்து அடுத்த டைமர் அந்த அளவைப் பார்த்து சைரன் அடிக்கும். சைரன்தானே முக்கியம் என்று அதற்கு முன்னுரிமை 2 கொடுத்தேன். வந்தது வினை.

ஒருநாள் மெமரி கார்டில் எழுதும்போது லூப், அதாவது டைமர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஓட்டும் சுற்று, 2 விநாடி நின்றுவிட்டது. அதற்குள் இரண்டு டைமருக்குமே நேரம் கடந்துவிட, சைரன் டைமர் முந்திக்கொண்டு பழைய அளவைப் பார்த்தது. வெளியே காற்றளக்கும் கிண்ணங்கள் விர்ரென்று சுற்றுகின்றன, சைரன் கம்மென்று இருக்கிறது!

லிப்இவியில் முன்னுரிமை -2 முதல் 2 வரை, சொல்லாவிட்டால் 0. ஒரே சுற்றில் பல டைமர்கள் தயாரானால் முன்னுரிமை கூடியதுதான் முதலில் ஓடும். முன்னுரிமை சமமாக இருந்தால்தான், நேரம் முந்தியது முதலில். இரண்டையும் 0 ஆக்கினேன், சரியாயிற்று. அளக்கும் கால்பேக்கிலிருந்தே (டைமர் அடித்ததும் ஓடும் செயற்கூறு) சைரனை அழைப்பது இன்னும் நல்லது.

அப்புறம், வாட்சர் (டைமர் போல ஒரு நிகழ்வுக்காகக் காத்திருப்பது) ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னுரிமையை மாற்றாதீர்கள், நிறுத்திவிட்டு மாற்றுங்கள். நீண்ட வேலைக்குப் பிறகு புது டைமர் தொடங்கினால், லூப் தன்னிடமுள்ள பழைய நேரத்திலிருந்தே எண்ணும், டைமர் சீக்கிரம் அடித்துவிடும். தொடங்கும் முன், லூப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும் இவி_நவ்_அப்டேட் (ev_now_update) அழைத்துவிடுங்கள்.