எண்ணெய் கூடிய லேனுக்குப் பந்து தேர்வது எப்படி?

பௌலிங் கூடங்களில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல் கொண்டவை. நேராக உருட்ட அவை தாராளமாகப் போதும். ஆனால் ஹூக் போட, அதாவது பந்தைச் சுழற்றி வளைந்து போக விட, பழகிய பிறகு, எண்ணெய் நன்றாகப் பூசிய லேனில் (பந்து உருளும் பாதையில்) அதே பந்தை விட்டால், கையை எவ்வளவு திருப்பினாலும் வளையாது. வழுக்கிக்கொண்டே போய், லேனின் முடிவில் நிற்கும் ‘பின்’ என்ற கட்டைகளில் வலப்பக்கத்தவற்றை மட்டும் தட்டிவிட்டு விழும். சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போட்டிக்குப் போகும் கொழும்புப் பிள்ளைகள் முதல் நாளே தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் என்ன பந்து வாங்குவது? கடைக்காரர்கள் பெயரிலிருந்து தொடங்குவார்கள். நான் மேற்பரப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். கோர் (பந்தின் உள்ளே இருக்கும் கட்டி), துளை, பெயர், நிறம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். கீழே உள்ளவை வலக்கைக்காரர்களுக்காக எழுதியவை; இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றி வாசியுங்கள்.

படி 1: எண்ணெய் உண்மையிலேயே கூடுதலா என்று பாருங்கள்

வீசும்போது தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை லேன் 60 அடி. அகலத்தில், பக்கம் பக்கமாக நீளவாக்கில் ஓடும் 39 பலகைகள். எண்ணெய் முழு நீளத்துக்கும் பூசப்படுவதில்லை. இயந்திரம் ஏறத்தாழ 35 முதல் 45 அடி வரை பூசிவிட்டு நிறுத்திவிடும். மிச்சம் காய்ந்த பகுதி. பந்து எண்ணெயில் வழுக்கி, காய்ந்த இடத்தில் பிடித்து வளைகிறது. எண்ணெய் நீளமாக இருந்தால் வளைவதற்கு மிஞ்சும் இடம் குறைவு.

கூடத்தில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை அடி, எத்தனை மில்லிலீற்றர். 42 அடிக்கு மேல் என்றால் நீளம். மொத்த அளவு 25 மில்லிலீற்றரைத் தாண்டினால் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களிடையே 31 கணக்கு என்று ஒன்று உண்டு. எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து எண்ணெயை விட்டு வெளியே வரும்போது எந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். 44 அடி என்றால் வலப்பக்கத்திலிருந்து 13ஆவது பலகை. துல்லியமான சட்டம் இல்லை, தொடங்குவதற்கு ஒரு குறி.

எண்கள் கிடைக்காவிட்டால் திரும்பி வரும் பந்தைப் பாருங்கள். அதைச் சுற்றி எண்ணெய் வளையம் தடிப்பாக, பளபளவென்று இருந்தால் லேனில் எண்ணெய் நிறைய. மெல்லிய கோடு மட்டும் என்றால் உங்கள் பிரச்சினை வேறு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறந்தநாள் கூட்டமும் அலுவலகக் கூட்டமும் நாள் முழுக்க ஆடிய லேன் வேறு விதமாக ஏமாற்றும். பிளாஸ்டிக் பந்து எண்ணெயை உறிஞ்சாது; முன்னால் இழுத்துக்கொண்டு போய் காய்ந்த பகுதியில் பூசிவிடும். அதனால் கடைசி 15 அடியில் பந்து பிடிக்காது. பார்ப்பதற்கு ‘எண்ணெய் கூட’ என்று தோன்றும். லேனின் தொடக்கப் பகுதியிலோ எண்ணெய் குறைந்து போயிருக்கும். அந்த லேனுக்கென்று மிகக் கடுமையான பந்தை வாங்கினால் அது பாதி வழியிலேயே பிடித்து, பின்களை அடையும்போது சோர்ந்துவிடும். ஆகவே, புதிதாக எண்ணெய் பூசிய காலை நேரத்தில் ஒரு முறையாவது ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: உங்கள் கையை அளவெடுங்கள்

நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து கைபேசியில் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். பந்து கையை விட்டதிலிருந்து முதல் பின்னில் மோதும் வரை எத்தனை விநாடி? 2.5 விநாடி என்றால் சராசரி வேகம் மணிக்கு சுமார் 26 கிலோமீற்றர். 2.2 என்றால் 30 கிலோமீற்றர், அது வேகம்.

அப்புறம் பந்தில் ஒரு சிறு வெள்ளை நாடாவை ஒட்டி, மெதுவான காணொளியில் அது எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். வேகம் கூட, சுழற்சி குறைவு என்றால் எண்ணெய் லேனில் நீங்கள்தான் அதிகம் கஷ்டப்படுவீர்கள். கடுமையான பந்து உங்களுக்குத்தான். வேகம் குறைந்து சுழற்சி நிறைய உள்ளவர்களுக்கு நடுத்தரப் பந்தே போதும். சுழற்சியே இல்லாமல் நேராக விடுபவர்களுக்கு எந்தப் பந்தும் உதவாது. அவர்கள் பணத்தைப் பயிற்சிக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

படி 3: எடை

விதிப்படி அதிகபட்சம் 16 இறாத்தல். ஆண்களில் பெரும்பாலோருக்கு 14 அல்லது 15 சரி. பெண்களுக்கும் பதின்மவயதினருக்கும் 12 முதல் 14. மூன்றாவது ஆட்டத்தின் முடிவிலும் தோள் விழாமல் வீச முடிகிற எடைதான் உங்கள் எடை. ஒரு விஷயம் கவனிக்கவும்: 12, 13 இறாத்தல் பந்துகளில் பல நேரம் உள்ளே இருக்கும் கோர் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் 15 இறாத்தல் பந்துக்கு எழுதிய எண்கள் உங்கள் பந்துக்குப் பொருந்தாது.

படி 4: தோல் — இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும்

பந்தின் வெளித்தோலைக் கவர்ஸ்டொக் என்பார்கள். நான்கு வகை தெரிந்தால் போதும்.

பிளாஸ்டிக்: வழுக்கும். ஸ்பெயார் அடிக்க (முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை இரண்டாவதில் வீழ்த்த) நல்லது, எண்ணெயில் ஹூக் போட ஆகாது.

யூரத்தேன்: 1980களில் வந்தது. மெதுவாக, சீராக வளையும். எண்ணெய் குறைந்த, குட்டையான லேனில் இதன் பெருமையே தனி. நிறைய எண்ணெயில் பிடிமானம் போதாது.

ரியாக்டிவ் ரெசின்: 1990களின் தொடக்கத்தில் வந்து ஆட்டத்தையே மாற்றியது. தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எண்ணெயை உறிஞ்சும், காய்ந்த இடத்தில் பலமாகப் பிடிக்கும். இதற்குள் மூன்று பிரிவு: சொலிட், பேர்ள், ஹைபிரிட். பேர்ள் பந்துகளில் மைக்கா போன்ற பொருள் கலந்து மினுமினுக்கும். எண்ணெயில் நீள ஓடிப் பிறகு சடாரென்று திரும்பும். சொலிட் முன்னதாகவே பிடிக்கத் தொடங்கும். ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில்.

பார்ட்டிக்கிள்: ரெசினோடு நுண்ணிய கடினத் துகள்கள் கலந்தது. ஒரு காலத்தில் எண்ணெய் லேன் என்றாலே இதுதான் பேச்சு. இன்று கடைகளில் அவ்வளவாகக் காண முடியாது, தேடி அலைய வேண்டாம்.

எண்ணெய் கூடிய லேனுக்கு உங்கள் விடை சொலிட் ரியாக்டிவ். காட்சிக்கு மினுமினுக்கும் பேர்ள் பந்துதான் கண்ணை இழுக்கும், படத்தில் பார்த்துவிட்டு அதையே வாங்கிவிடுவார்கள். முதல் எண்ணெய்ப் பந்துக்கு அது வேண்டாம்.

அடுத்தது, அந்தத் தோலை எவ்வளவு சொரசொரப்பாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பது. அப்ரலோன் என்ற தேய்க்கும் வட்டுகளில் 500, 1000, 2000, 3000, 4000 என்று எண் இருக்கும். எண் சிறிதானால் சொரசொரப்பு கூட. மழை பெய்த கொழும்புக் காலி வீதியில் தேய்ந்த டயரும் புது டயரும் எப்படி ஓடுமோ, மினுக்கிய பந்தும் தேய்த்த பந்தும் எண்ணெயில் அப்படித்தான். நிறைய எண்ணெய்க்கு 1000 முதல் 2000 வரை தேய்த்த, மினுக்கு இல்லாத மேற்பரப்பு நல்ல தொடக்கம். 500 என்பது வெள்ளமாக எண்ணெய் இருக்கும்போது மட்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி: மேற்பரப்பை மாற்றலாம். தேய்க்கும் வட்டு மலிவு, வீட்டிலேயே செய்யலாம். பந்தை நனைத்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி ஒரே அழுத்தத்தில் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். விதிகளுக்கு உட்பட்ட போட்டியில் ஆட்டம் தொடங்கிய பிறகு தேய்க்கக் கூடாது, முன்னதாகவே முடித்துவிடுங்கள். நடுத்தர விலைச் சொலிட் பந்தை 1000இல் தேய்த்து எடுத்தால், மினுக்கிய விலையுயர்ந்த பந்தைவிட எண்ணெயில் நன்றாக வேலை செய்யும்.

படி 5: கோர்

உள்ளே இருக்கும் கனமான கட்டிதான் கோர். அதைப் பற்றி இரண்டு எண்கள் பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ இருக்கும்.

முதலாவது ஆர்.ஜி., பந்தின் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் எண். விதி அனுமதிக்கும் எல்லை 2.46 முதல் 2.80 வரை. எண் சிறிதானால் பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும். எண்ணெய் லேனுக்கு 2.46 முதல் 2.52 வரை பாருங்கள்.

இரண்டாவது டிஃபரென்ஷியல், பந்தின் மிகக் கூடிய ஆர்.ஜி.க்கும் மிகக் குறைந்த ஆர்.ஜி.க்கும் உள்ள வித்தியாசம். இதன் உச்ச எல்லை 0.060. எண் பெரிதானால், ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதிய பகுதி லேனைத் தொடும். எண்ணெய் படாத தோல் மீண்டும் மீண்டும் வரும். எண்ணெய் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாமல் விசிறி போல விரிந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். 0.045க்கு மேல் தேடுங்கள். இந்த எல்லை வெறும் சம்பிரதாயம் இல்லை: 2016இல் மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கல் பந்துகள் இந்த 0.060ஐத் தாண்டியதால் அங்கே ஆட்ட விதிகளை வகுக்கும் அமெரிக்காவின் பௌலிங் காங்கிரஸ் அவற்றின் அனுமதியை ரத்துச் செய்தது. பழைய பந்து யாராவது மலிவாகத் தந்தால், போட்டிக்கு அனுமதி உள்ளதா என்று அந்த அமைப்பின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உதாரணத்துக்கு, ஸ்டோர்ம் நிறுவனத்தின் ஃபேஸ் 2 ஒரு சொலிட். 15 இறாத்தலில் ஆர்.ஜி. 2.48, டிஃபரென்ஷியல் 0.051. சமச்சீரான கோர், புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி வளையும். ஹேமர் நிறுவனத்தின் பிளாக் விடோ வரிசையில் உள்ள ‘காஸ் மாஸ்க்’ கோர் 2.50, 0.058. அது சமச்சீரற்றது, இன்னும் கோபக்காரப் பிறவி. முதல் பந்து என்றால் சமச்சீரான கோரோடு நிற்பதே என் தெரிவு.

படி 6: துளை போடுவது

பந்து துளை இல்லாமல் வரும். உங்கள் விரலும் இடைவெளியும் அளந்து, பந்து விடும்போது அது எந்த அச்சில் சுழல்கிறது என்று பார்த்துத்தான் துளை போட வேண்டும். பந்தின் மேல் தெரியும், கோரின் உச்சியைக் காட்டும் ‘பின்’ புள்ளி அந்த அச்சிலிருந்து 3 முதல் 4 அங்குலத்துக்குள் இருந்தால் வளையங்கள் நன்றாக விரியும்; எண்ணெய்க்கு அதையே கேளுங்கள். முன்பு எடையைச் சரிக்கட்ட, விரல் நுழைக்காத சமநிலைத் துளை ஒன்றைக் கூடுதலாகப் போடுவார்கள். 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க விதிகளில் அதற்கு இடமில்லை. யாராவது போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 7: கொழும்புக்குக் கொண்டுவருவது

நல்ல சொலிட் பந்து வெளிநாட்டுக் கடைகளில் 200 டொலரை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். தபாலில் எடுப்பதானால் எடைக்கான கட்டணத்தையும் சுங்க வரியையும் முதலில் கணக்குப் பாருங்கள், இல்லாவிட்டால் பொதி சுங்கத்தில் வந்து நிற்கும்போது தலை சுற்றும். நம் ஆட்களுக்கு எளிய வழி, ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மாமா, சித்தி யாராவது. 15 இறாத்தல் என்பது ஏறத்தாழ 6.8 கிலோ, கைப்பையில் 7 கிலோ எல்லை உள்ள விமானத்தில் அதுவே எல்லாவற்றையும் தின்றுவிடும். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

அவர்களிடம் ஒன்றை வடிவாகச் சொல்லி விடுங்கள்: அங்கே துளை போட்டுக் கொண்டுவர வேண்டாம். மாமாவின் கைக்குப் போட்ட துளை உங்கள் பெருவிரலைப் புண்ணாக்கும். துளையில்லாத பந்தாக வாங்கி, போட்டுத் தரும் ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நீங்களே பயணம் போகும்போது அங்குள்ள கடையில் அளவு கொடுத்து, போட்டு முடித்து, இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

படி 8: முதல் நாள் லேனில்

வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து, லேனில் வரைந்திருக்கும் அம்புகளில் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவதைக் குறிவைத்து, உங்கள் இயல்பான வேகத்தில் விடுங்கள். அம்புகள் ஃபவுல் கோட்டிலிருந்து 12 முதல் 16 அடிக்குள் இருக்கும், அங்கே பந்தைப் பார்த்தால் போதும். முதல் பின்னுக்கும் அதற்கு வலப்பக்கம் உள்ள மூன்றாம் பின்னுக்கும் நடுவே போனால் சரி. முதல் பின்னுக்கு வலப்புறமே நின்றுவிட்டால் இன்னும் சொரசொரப்பு வேண்டும், அல்லது வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். சீக்கிரமே பிடித்து முதல் பின்னுக்கு இடப்பக்கம் பாய்ந்தால் எண்ணெய் நினைத்த அளவு இல்லை. கால்களை இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், அதுவும் போதாவிட்டால் பந்தை 3000இல் தேய்த்து மென்மையாக்குங்கள்.

படி 9: பராமரிப்பு

எண்ணெயை உறிஞ்சும் பந்து நிரம்பிவிட்டால் பிடிமானம் போய்விடும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெய் வளையத்தைத் துடையுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு, பந்து இன்னும் சூடாக இருக்கும்போதே, அதற்கென்றுள்ள திரவம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்வதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். ஆடஆட லேன் தோலை மழுங்கச் செய்யும், எனவே வளைவு குறைவதாகத் தோன்றும்போதெல்லாம் பழைய எண்ணிலேயே மறுபடி தேய்த்து எடுங்கள்.

கொழும்பு வெயிலில் காரின் டிக்கியில் பந்தை விட்டுப் போக வேண்டாம். வெப்பத்தில் தோல் வெடிக்கக்கூடும். வீட்டில் மின்விசிறி ஓடுகிற அறையின் மூலை போதும். பைக்குள் வைக்கும்போது துணி ஈரமாக இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.