வீட்டு ஜெனரேட்டரை ஆஃப்-கிரிட் சோலாரோட சேர்க்கிறது எப்படி?

ஈபி லைனே வராத மலைத்தோட்டத்து வீட்ல சோலார் போட்டவங்களுக்கு ஐப்பசி கார்த்திகை வந்தாத்தான் கணக்கு புரியும். அடைமழை பிடிச்சு மூணு நாலு நாள் வெயிலே அடிக்கலன்னா பேனல் எத்தனை இருந்தும் பேட்டரி ஏறாது. அதுக்காக பேட்டரிய ரெண்டு மடங்காக்குறதைவிட, டவுன் வீட்ல சும்மா கெடக்குற ஜெனரேட்டரை கொண்டு வந்து சேர்க்கிறது செலவு கம்மி. ஆனா அது ஈபி போனா வீட்டுக்கு கரண்ட் குடுக்கன்னு செஞ்ச மிஷின், இங்க அதோட வேலை பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது. 5 கேவிஏ சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர், 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 200 ஏஹெச் லித்தியம் பேட்டரி, இத வச்சே சொல்றேன். கனெக்ஷன் வேலைய லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட குடுங்க, என்ன செய்யணும்னு சொல்ற அளவுக்கு நமக்கு தெரிஞ்சா போதும்.

ஸ்டெப் 1: நேம் பிளேட்ட படிங்க

5 கேவிஏன்னா 5 கிலோவாட் இல்ல. பவர் ஃபேக்டர் 0.8ன்னு போட்டிருந்தா 4 கிலோவாட்தான். அதுவும் ஸ்டாண்ட்பை ரேட்டிங்னா அவசரத்துக்கு மட்டும், மணிக்கணக்கா ஓட்ட 3 கிலோவாட்ட தாண்டாம பாத்துக்கங்க.

ஸ்டெப் 2: ஏஎம்எஃப் பேனலை மாத்துங்க

நெறைய பேரு சிக்குறது இங்கதான். ஆட்டோமேட்டிக் மாடல்ல இருக்குற ஏஎம்எஃப் பேனல்ங்கிற கன்ட்ரோல் பெட்டி ஈபி இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும், இல்லன்னா இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிடும். நம்ம வீட்ல ஈபியே கிடையாது, அப்போ டீசல் தீர்ற வரைக்கும் ஓடும். சில பேரு இன்வெர்ட்டர் அவுட்புட்ட எடுத்து பேனலோட ஈபி டெர்மினல்ல குடுத்து ஏமாத்தப் பாப்பாங்க, அதுவும் தேறாது. பேட்டரி செத்து இன்வெர்ட்டர் ஆஃப் ஆனப்புறம்தான் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும், அது குடுக்குற கரண்ட்ல இன்வெர்ட்டர் எழுந்ததும் பேனல் ஈபி வந்துருச்சுன்னு நெனச்சு இஞ்சினை நிறுத்திடும், திரும்ப இருட்டு, திரும்ப ஸ்டார்ட். அந்த பேனல்ல இருக்குற கன்ட்ரோலர்ல ஆட்டோவ விட்டுட்டு ரிமோட் ஸ்டார்ட்டுக்கு (வெளியில இருந்து சிக்னல் வந்தா மட்டும் ஸ்டார்ட் ஆகுறது) மாத்துங்க, அதுதான் வழி.

இன்னொண்ணு, இஞ்சினோட 12 வோல்ட் பேட்டரிய சார்ஜ் பண்ற குட்டி சார்ஜர் இவ்வளவு நாள் ஈபில ஓடிச்சு, அத இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு மாத்துங்க. இல்லன்னா மழைக்காலத்துல செல்ஃப் அடிக்காது.

ஸ்டெப் 3: வயரிங்

ஜெனரேட்டர் வயர் இன்வெர்ட்டரோட ஏசி இன்புட்டுக்கு மட்டும்தான் போகணும் (தனியா ஜென் போர்ட் இருந்தா அதுக்கு). வீட்டு டிபி பாக்ஸ்ல நேரா குடுத்தீங்கன்னா, இன்வெர்ட்டர் அவுட்புட்டும் ஜெனரேட்டரும் மோதி போர்டு புகைஞ்சிடும். முழு லோடுல 22 ஆம்ப் கிட்ட வரும், அதனால 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், 25 ஆம்ப் டபுள் போல் எம்சிபி, தூரம் அதிகம்னா 6 ஸ்கொயர். ஜெனரேட்டர் வெளியிலதான் இருக்கணும், ஜன்னல் பக்கமும் வேண்டாம், அந்த புகைல இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஸ்டெப் 4: நியூட்ரலும் எர்த்தும்

சின்ன ஜெனரேட்டர் பலதுல நியூட்ரல் பாடியோட சேர்ந்திருக்காது. அப்படியே ஓட்டினா ஷாக் அடிச்சாலும் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா லைனை கட் பண்ற சுவிட்ச்) ட்ரிப் ஆகாம போகலாம். மிஷினை நிறுத்தி, வயரை கழட்டிட்டு, மல்டிமீட்டர கன்டினியூட்டில வச்சு நியூட்ரல் ஒரு முனை, பாடி ஒரு முனைன்னு தொட்டுப் பாருங்க. பீப் வரலன்னா எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ஜெனரேட்டர் பக்கம் பாண்ட் போட்டு (நியூட்ரலையும் பாடியையும் வயர்ல சேர்த்து) எர்த் குழிக்கு இழுங்க. பேட்டரில ஓடும்போது இன்வெர்ட்டர் தானே பாண்ட் போட்டு, ஜெனரேட்டர் வந்ததும் எடுத்துடுதான்னு மேனுவல்ல பாருங்க, ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல பாண்ட் இருக்கக் கூடாது.

ஸ்டெப் 5: சார்ஜிங் ஆம்ப்

இன்வெர்ட்டர் மெனுல ஏசி இன்புட் ரேஞ்ச யுபிஎஸ்ல இருந்து அப்ளையன்ஸுக்கு மாத்துங்க. ஜெனரேட்டர் வோல்டேஜ் ஆடும், யுபிஎஸ் மோடுல அத ஏத்துக்காம ரிலே டக் டக்குன்னு அடிச்சுட்டே இருக்கும்.

அடுத்து கணக்கு. 40 ஆம்ப் சார்ஜ் வச்சா 53 வோல்ட்ல 2120 வாட், லாஸ் சேர்த்து 2.4 கிலோவாட் கிட்ட. ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு லோடும் அது தலைலதான் விழும், ஃப்ரிட்ஜ் ஃபேன் லைட்டுன்னு 500 வாட் போட்டா 3 கிலோவாட்ட தொட்டாச்சு. அதனால 20 ஆம்ப்ல ஆரம்பிச்சு பத்து பத்தா ஏத்துங்க, ஜெனரேட்டர் வயர்ல மாட்டின கிளாம்ப் மீட்டர் 13 ஆம்ப் (230 வோல்ட்ல 3 கிலோவாட் கிட்ட) காட்டும்போது இஞ்சின் சத்தம் ஒரே சீரா இருக்கணும், ஏறி இறங்குச்சுன்னா ஒரு படி குறைங்க. பயந்துக்கிட்டு 10 ஆம்ப்லயே விட்டுடவும் கூடாது, டீசல் இஞ்சின் லோடு இல்லாம நாள் பூரா ஓடுனா டீசல் சரியா எரியாம சைலன்சர்ல கரி பிடிச்சு கருப்பா ஒழுகும்.

லெட் ஆசிட் பேட்டரின்னா ஏஹெச்ல பத்துல ஒரு பங்கு ஆம்ப்தான், 150க்கு 15.

ஸ்டெப் 6: ஆட்டோ ஸ்டார்ட்

இன்வெர்ட்டர்ல டிரை கான்டாக்ட் டெர்மினல் இருக்கும். அதுல இருந்து ரெண்டு வயரை கன்ட்ரோலரோட ரிமோட் ஸ்டார்ட்டுக்கு குடுங்க, இது வெறும் சுவிட்ச் மாதிரிதான், இதுல 230 வோல்ட் போகக் கூடாது. பேட்டரி 25 சதவீதத்துல ஸ்டார்ட், 80ல ஸ்டாப். 40 ஆம்ப்ல இது மூணு மணி நேரத்துக்குள்ள முடியும், மிச்ச 20 சதவீதத்த வெயில் வரும்போது பேனல் பாத்துக்கும். நிறுத்துறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் லோடு இல்லாம ஓடுற மாதிரி கூல் டவுன் டைமும் வைங்க. கயிறு இழுத்து, சோக்கை கையால தள்ளி ஸ்டார்ட் பண்ற பெட்ரோல் மிஷின்னா இந்த ஸ்டெப்ப விட்டுடுங்க, நேரா போய் ஸ்டார்ட் பண்றதுதான் வழி.

முதல் தடவை ஆட்டோல ஓடும்போது பகல்ல பக்கத்துல நின்னு பாருங்க. கூடவே ஒரு ஹவர் மீட்டர் மாட்டுங்க, டவுன்ல வருஷம் பூரா ஓடாத அளவு இங்க ஒரே மழைல ஓடிடும், சின்ன இஞ்சின் பலதுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருதடவை ஆயில் மாத்தணும்.