பண்டிகைக்கு முந்தின ராத்திரி மிக்ஸி நின்றுபோச்சு

வீடு நிறைய விருந்தாளிகள். அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்ஸி பட்டென்று நின்றுவிட்டது. கையிலிருந்த பணமெல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. புது மிக்ஸியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பட்டன். ஓவர்லோட் சுவிட்ச். பாரம் தாங்காமல் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்துவிடாமல் இது தானாகவே கரண்டைத் துண்டித்துவிடும். அவசரத்தில் உடனே அழுத்தினேன், உட்காரவில்லை. சூடு. அரை மணி நேரம் ஆறவிட்டு அழுத்தியதும் 'டிக்'கென்று உள்ளே போனது.

ஓடியது. ஆனால் எதனால் நின்றது? சின்ன ஜாரின் அடியில், மோட்டாரோடு பொருந்திச் சுற்றும் கப்ளரை விரலால் சுற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை. பிளேடுக்குக் கீழே, பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் பக்கம், பழைய விழுது காய்ந்து இறுகிப்போயிருந்தது. (கழுவுகிறேன் பேர்வழி என்று மேலே மட்டும் தேய்த்தது நான்தான்.) ஜாரில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, கப்ளரை முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பினேன். பத்து நிமிஷத்தில் இளகி, பிறகு விரல் பட்டாலே சுற்றியது.

அன்று ராத்திரி முழுக்கப் பாதி ஜார்தான் போட்டேன். ஒரு நிமிஷம் ஓட்டம், கொஞ்சம் ஓய்வு. கருகல் வாடை வந்திருந்தால் பட்டனைத் தொட்டிருக்கவே மாட்டேன், நேராக மெக்கானிக்கிடம்தான்.