ஸ்பேனரை எடுக்கும் முன் காரை ஓட்டிப் பாருங்கள்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில், வேகத்தடை ஒவ்வொன்றிலும் என் காரின் இடது முன்பக்கம் ‘லொடக்’ என்றது. பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். இரண்டையும் மாற்றினேன்; சத்தம் போகவில்லை. தேய்ந்திருந்தது லிங்க் ராடு; வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு கம்பி அது.

அது முதலில் கண்ணுக்குத் தப்பியதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார்கள். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கிப் பிடிக்கும். தேய்ந்த மூட்டு அசையாது. இரண்டு சக்கரமும் சமமாகத் தரையில் நிற்க, ராடைக் கையால் பற்றிக்கொண்டு, இன்னொருவரைக் காரை உலுக்கச் சொன்னபோதுதான் உள்ளங்கையில் ‘டக்’ என்று தட்டியது. ரப்பர் உறை கிழிந்து, மண் கலந்த கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கியிருந்தது. பணம் போனதைவிட, ஐந்து நிமிடச் சோதனையை யாரும் செய்யவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டி 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் பலரும் அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய, ஓடுகிறார்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்தாலோ அலைன்மென்ட் பார்க்கலாம். நடுக்கத்துக்கு முதலில் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது. ரிம்மின் உட்புறம் காய்ந்த சேறு அப்பியிருந்தாலே சக்கரம் ஆட்டம் போடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கைப் பாருங்கள்.

வேகத்தோடு கூடும் ‘ஊ’ என்ற இரைச்சலுக்கு, சக்கரம் எளிதாகச் சுழல உதவும் பேரிங்கை உடனே மாற்றாதீர்கள். தார்ச்சாலை சிமெண்ட் சாலையாகும்போது ஒலி மாறினால் பெரும்பாலும் டயர்தான். வலப்புறம் வளையும்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஏறுகையில் ‘டகடக’ என்றால் வெளிப்புற சிவி ஜாயின்ட், அதாவது இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் வெளிமுனை மூட்டு.

தூக்கி நிறுத்திய சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டை, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையைப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது என்றால் பேரிங் அல்லது சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும்; மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நுழைக்கவும் வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள். டை ராடு எண்டை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். முன்பே செய்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.